கைக்கு மல்லிகை, வாய்க்குப் புகையிலை

பூக்கட்டுகிறவளுக்குக் கை இரண்டும் ஓயாது. வாய் மட்டும் சும்மா இருக்கும், வினையே அங்கேதான் தொடங்குகிறது. பிரிக்பீல்ட்ஸில் பதினெட்டு வருஷமாகப் பூக்கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை லெட்சுமி ஒரு வெற்றிலையை இரண்டாகக் கிழித்து, சுண்ணாம்பு தடவி, புகையிலை வைத்து எனக்குப் பாதி நீட்டுவாள். என்னைப் போலக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு முழம்

ஆபீஸுக்குப் போகிற பெண் ஒருத்தி தினமும் தலைக்கு ஒரு முழம் மல்லிகை வாங்குவாள். ஒருநாள் பூவை முகர்ந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி முகர்ந்தாள். வாயைத் திறந்தால் சிவப்பு வழியுமே என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பூ நல்லாத்தான் இருக்குக்கா. வாசனைதான் உங்க புகையிலை வாசனை லா."

கண்ணாடி

அப்புறம் கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு தடம் வந்தது. நாக்கு அதையே போய்த் தடவும். சும்மாவே பயப்படுகிறவள் நான்; கேட்க வேண்டுமா? பல் டாக்டரம்மா சின்னக் கண்ணாடியில் காட்டினார். ஒன்றரை மாதம் புகையிலையே தொடக்கூடாது, அப்புறம் வந்து காட்டணும் என்றார். நிறுத்த உதவுகிற கிளினிக்குக்கு ஒரு கடிதமும் எழுதினார். "எனக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்?" என்று நாலு தடவை கேட்டிருப்பேன். "ஆன்டி, இது இன்னும் கெட்டதா மாறல. என்னைக் கேக்குறத விட்டுட்டு, மொதல்ல அத விடுங்க."

ஸீரோ

கிளாங்கில் அந்தக் கிளினிக். வரிசையில் எல்லாரும் ஆண்கள். மிஸ்ஸி, அதான் அங்கிருந்த நர்ஸ், நீட்டிய பாரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்றுதான் கேட்டிருந்தது. ஒன்றுமில்லை என்று எழுதினேன். பிறகு மூச்சில் எவ்வளவு சிகரெட் புகை இருக்கிறது என்று காட்டும் மெஷினில் ஊதச் சொன்னார்கள். ஸீரோ என்று காட்டியது. மிஸ்ஸி குழம்பிப்போய், "பின்ன எதுக்கு ஆன்டி வந்தீங்க?" என்றார். இடுப்புப் பையிலிருந்து புகையிலை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். வைத்த கை அதை விட மாட்டேன் என்றது.

மிஸ்ஸி பாரத்தின் ஓரத்தில் 'புகையிலை' என்று பேனாவால் எழுதிக்கொண்டு, வாரம் ஒரு தடவை போன் செய்வதாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, மேரு என்ற ஊரிலிருந்து வந்த லோரி டிரைவர், மெஷினில் முப்பத்திரண்டு ஊதியவர், என் பக்கம் சாய்ந்தார்: "அக்கா, உங்க ஸீரோவ எனக்குக் குடுங்க. என்னோடத நீங்க வச்சுக்குங்க."

பாதி வெற்றிலை

கெஞ்சினாலும் தராதே என்று லெட்சுமியிடம் சொல்லி வைத்தேன். நாலாம் நாளே கெஞ்சினேன். நார் நழுவியது, முடிச்சு விழவில்லை, கட்டிய மாலை கையிலேயே உதிர்ந்தது. அவள் தரவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு தன் கடையின் அந்தக் கோடிக்குப் போய், எனக்கு முதுகு காட்டி மென்றாள். புகையிலைக்கு ஏங்கினேனா, நீட்டுகிற அந்தக் கைக்கு ஏங்கினேனா, இன்னும் தெரியவில்லை. மிஸ்ஸி போனில் கேட்டபோது அழுதுவிட்டேன். கிராம்பைக் கடித்துக்கொள்ளுங்கள் என்றார். கடித்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து டாக்டரம்மாவின் கண்ணாடியில் பார்த்தால் தடம் பாதிதான் இருந்தது. ஓடி வந்து லெட்சுமியிடம் வாயைப் பிளந்து காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கன்னத்துக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே சொன்னாள்: "சரசு, அடுத்த வாட்டி போறப்போ என்னையும் கூட்டிட்டுப் போடி. எனக்கும் ஸீரோதானே வரும்?"

இப்போது இரண்டு முக்காலியும் பக்கத்தில்தான் இருக்கின்றன. சுற்றிலும் கூடை கூடையாக மல்லிகை மணக்க, நாங்கள் இருவரும் கிராம்பைக் கடித்தபடி அந்தப் பாழாய்ப்போன புகையிலை வாசனைக்கு ஏங்கிக்கொண்டு பூக்கட்டுகிறோம்.