குஷனுக்கு நடந்த வளைகாப்பு

வளைகாப்பு நடந்துகொண்டிருக்கும் வீட்டுக்குள் நுழைந்து, வளையல் போட்டுக்கொண்டிருக்கிறவளிடமே உனக்குத் தத்துப்பிள்ளை கிடைத்திருக்கிறது என்று சொல்லப் போன வெல்ஃபேர் ஆபீசர் இந்தப் பினாங்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பென்ஷன் வாங்க ஆரம்பித்துவிட்டேன். இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றிவிட்டுச் சொல்கிறேன்.

1. சோபா பேச்சு, கேட் பேச்சு

ஜார்ஜ் டவுன் ஆபீசில் தத்தெடுப்புப் பிரிவில் எனக்கு வேலை. தத்து கேட்பவர்கள் முதலில் பெயர் பதிய வேண்டும். நாங்கள் வீட்டைப் பார்ப்போம், வருமானத்தைப் பார்ப்போம், உட்கார்ந்து பேசுவோம். பிறகு வரிசை. வரிசை என்றால் வருடக்கணக்கில். பிள்ளை கிடைத்தாலும் முதலில் வளர்ப்புப் பிள்ளையாகத்தான் வீட்டுக்கு வரும். நாங்கள் அவ்வப்போது போய்ப் பார்த்து, சரி என்று எழுதினால்தான் கோர்ட்டு, உத்தரவு, புதுப் பிறப்புப் பத்திரம் எல்லாம்.

நான் போகிற அன்றைக்கு அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமே! ஃபேன் இறக்கைகூட மின்னும். ஜென்மத்தில் சமையலறைப் பக்கம் போகாத புருஷன் மைலோ கலக்கிக்கொண்டு வருவான். சோபாவில் உட்கார்ந்து எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்.

"எந்தப் பிள்ளையா இருந்தாலும் பரவாயில்ல மேடம். ஆணோ பொண்ணோ, கருப்போ சிவப்போ, கடவுள் குடுக்கிறதுதானே."

அடடா, அந்த நேரத்தில் கண்ணில் தண்ணீர்கூட வரும். பிறகு நான் வாசல் கேட்டில் குனிந்து செருப்பு மாட்டுவேன். அப்போது பின்னாலேயே ஒருவர் வந்து, குரலைத் தாழ்த்தி ஆரம்பிப்பார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. கொஞ்சம் சிவப்பா இருந்தா நல்லது. எங்க பக்கம் எல்லாருமே நல்ல கலரு."

இதைச் சொல்கிறவர் என்னைவிடக் கருப்பாக இருப்பார். இன்னொருவர் பிள்ளையின் நட்சத்திரம் கேட்பார். பஸ் ஸ்டாப்பில் விட்டுப்போன பிள்ளைக்கு நட்சத்திரம்! நான் அந்தச் சமயத்தில் வாயைத் திறக்கமாட்டேன். ஆபீசுக்குத் திரும்பியதும், சோபாவில் கேட்டதைக் கால்வாசியும் கேட்டில் கேட்டதை முக்கால்வாசியும் வைத்து ரிப்போர்ட் எழுதுவேன். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. செருப்பு மாட்டி மாட்டியே பழகிக்கொண்டேன்.

2. ஆறு வகைச் சாதம்

சாந்தினியும் குணாவும் ஜெலுத்தோங்கில் வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். அவன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர், அவள் ஷிப்பிங் ஆபீசில் கிளார்க். வரிசையில் நான்கு வருடம் காத்திருந்தார்கள். நல்ல ஜோடி, கேட்டில்கூட எதுவும் கேட்காத ஜோடி. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பொறுப்பிலிருந்த ஒரு பெண் குழந்தையின் ஃபைல் என் மேசைக்கு வந்தது. பதினாலு மாதம். இரண்டு குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர்கள்தான். இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். நிறம் ஒரு காரணம், வயது ஒரு காரணம். எங்கள் போஸ், அதாவது மேலதிகாரி, ஒரு மலாய்க்கார அம்மா, கறார்ப் பேர்வழி. கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "திங்கட்கிழமை காலையில எனக்குப் பதில் வேணும். மூணாவது குடும்பமும் வேணாம்னா, பிள்ளையை வேற மாநிலத்துல இருக்கிற பெரிய இல்லத்துக்கு அனுப்பிடுவோம்." பெரிய இல்லத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பி ஒரு வீட்டுக்கு வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

வரிசையில் அடுத்தது சாந்தினியும் குணாவும்தான். வெள்ளிக்கிழமை முழுக்க அவர்களுக்குப் போன் அடித்தேன். சனிக்கிழமையும் அடித்தேன். இரண்டு பேருமே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நானே காரை எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் கேனப்பிப் பந்தல் போட்டிருந்தது. பலூன் வளைவு, பூ டெக்கோ, கேமராவோடு ஒரு தம்பி. யார் வீட்டு விசேஷமோ என்று கதவு நம்பரைப் பார்த்தேன். அதே நம்பர்தான். உள்ளே நாற்காலியில் மாலையும் கழுத்துமாக, கன்னத்தில் சந்தனத்தோடு சாந்தினி உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலைக்கு முன்னால் ஏழு மாத வயிறு.

ஆறு வாரத்துக்கு முன்னால் இதே ஹாலில் அந்த வயிறு தட்டையாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் இருந்த சந்தனம்கூட வெளுத்துப்போனது.

"யாரும்மா நீங்க?" குணாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சுங்கை பட்டாணியில் மூத்த மகனோடு இருக்கும் மாமியார். அன்றைக்குத்தான் அவரை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

வெல்ஃபேர் இலாகா என்று சொல்லக்கூடாது. அது எங்கள் விதி. "சாந்தினிக்குத் தெரிஞ்சவங்க" என்றேன்.

"ஆபீஸ் ஃப்ரெண்டா? வாங்க வாங்க. நாலு மணிக்கு எழுந்து ஆறு வகைச் சாதம் கிண்டியிருக்கேன், சாப்பிடாம போகக்கூடாது. முதல்ல வளையல் போடுங்க. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"கல்யாணம் ஆகலைங்க."

என் பக்கம் வந்துகொண்டிருந்த வளையல் தட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டது. "அப்ப சாப்பிடுங்களேன்" என்று தட்டை வைத்திருந்த ஓர் அத்தை என்னை சோபாவில் உட்கார வைத்தார். முதுகுக்குக் குஷனைத் தேடினேன். போன தடவை நான் சாய்ந்து உட்கார்ந்த மஞ்சள் குஷன்கள் நான்கு இருந்தன. இப்போது மூன்றுதான் இருந்தன. புளிச்சாதத் தட்டைக் கீழே வைத்தேன்.

3. கதவுக்கு உள்ளே

எப்படியோ எழுந்து, "சாந்தினி, ஒரு நிமிஷம்" என்று அவளைப் படுக்கையறைக்குள் அழைத்துப் போனேன். குணா பின்னாலேயே ஓடிவந்து கதவைத் தாழ் போட்டான்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க லா" என்று கும்பிட்டான்.

கதை இதுதான். நான் எப்போதோ "இந்த வருஷத்துக்குள்ள உங்க முறை வந்துடும்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு, பிறந்த குழந்தை ஒன்றுதான் வரும் என்று இவர்களே முடிவு கட்ட, வைத்தியம் பலித்துவிட்டது என்று குணா தன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். மாமியார் தூரத்தில் இருந்ததால் சாந்தினி இத்தனை மாதமும் போனிலேயே கர்ப்பமாக இருந்தாள். ஆனால் மாமியார் வளைகாப்பு நடத்தியே தீருவேன் என்று பாத்திரம் பண்டத்தோடு வந்து இறங்கிவிட்டார். போனில் வளையல் போட முடியாதே. சோபாவிலிருந்து ஒரு குஷன் குறைந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான்கு வருடம் என்னோடு பேசியவர்கள்!

"நல்லாக் கேட்டுக்குங்க. பிள்ளை ஒண்ணு இருக்கு. பொண்ணு. பதினாலு மாசம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பல்லு இருக்குமா மேடம்?" என்று கேட்டாள் சாந்தினி.

"ஆறு இருக்கு."

"நடக்குமா?"

"ஓடும். கையில கிடைக்கிற செருப்பை எல்லாம் தூக்கி எறியும்."

குணா தலையில் கை வைத்துக்கொண்டான். "பல்லு முளைச்ச பிள்ளையைப் பெத்தோம்னு எப்படி மேடம் சொல்றது? கொஞ்சம் வெயிட் பண்ணா சின்னதா ஒண்ணு வராதா?"

"இது என்ன பாசார் மீன்கடையா குணா? மீனு பெருசா இருக்கு, சின்னதா எடுத்துப் போடுன்னு சொல்றதுக்கு? நாளைக்குக் காலையில நான் பதில் சொல்லணும். நீங்க வேணாம்னா அவ பெரிய இல்லத்துக்குப் போறா. அவ்வளவுதான்."

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். "சாந்தினி, ஆரத்தி எடுக்கணும், நேரமாச்சு!"

குணாவுக்கு மூளை வேலை செய்தது. அவன் ஃபேக்டரியில் இப்படித்தான் பிரச்சினையைத் தீர்ப்பான்போல. "இப்படிப் பண்ணலாமா? அடுத்த வாரம் கலைஞ்சுடுச்சுன்னு சொல்லிடுவோம். அந்தத் துக்கத்துல தத்து எடுக்கிறோம்னு சொன்னா அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"ரொம்ப நல்ல ஐடியா. குஷனுக்குக் கருமாதியும் வச்சிடுங்க. எனக்கும் சொல்லி அனுப்புங்க, வந்து சாப்பிட்டுட்டுப் போறேன்."

 சாந்தினி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ராத்திரி அவ அழுதா யாரு மேடம் தூக்குவாங்க?"

"யாருக்குக் கை காலியா இருக்கோ அவங்க தூக்குவாங்க."

"யாருக்கும் காலியா இல்லைன்னா?"

  பதிலுக்குக் காத்திருக்காமல் சாந்தினி எழுந்தாள். சேலைக்குள் கையை விட்டு மஞ்சள் குஷனை உருவிக் கட்டிலில் எறிந்தாள். குணா "ஏய், ஏய்" என்று தடுப்பதற்குள் தாழை நீக்கிவிட்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

அறுபது பேர் அவள் வயிற்றைப் பார்த்தார்கள். கேமராத் தம்பி பழக்கதோஷத்தில் ஒரு படம் எடுத்தான்.

"அத்தை, என் வயித்துல ஒண்ணும் இல்ல. நாங்க சொன்னது பொய்" என்றாள்.  "ஆனா பிள்ளை வருது. தத்து எடுக்கிறோம். பொண்ணு. நடக்குமாம்."

 பின்வரிசையிலிருந்து அந்த வளையல் தட்டு அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "சிவப்பா?"

"கருப்பு. என்னை மாதிரி."

மாமியாருக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது ஆத்திரம்தான். "நாலு மணிக்கு எழுந்து ஆறு வகைச் சாதம் கிண்டினேனேடி! என்னைக் கிண்ட வச்சுட்டு வேடிக்கை பார்த்தியா?" பையை எடுத்துக்கொண்டு மத்தியானமே சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டார். மானம் போய்விட்டது என்று முணுமுணுத்த சொந்தங்களில் ஒருவர்கூடச் சாப்பிடாமல் போகவில்லை. பாதிப் பேர் பொட்டலமாகத் தாபாவ் கட்டிக்கொண்டும் போனார்கள்.

திங்கட்கிழமை போஸிடம் முழுவதையும் சொன்னேன். அவர் மலாயில் திட்டியதைத் தமிழில் எழுதினால் அச்சில் வராது. "நீ வேலை பார்க்கப் போனியா, கெண்டூரி விருந்து சாப்பிடப் போனியா? இப்படிப் பொய் சொல்ற குடும்பத்துக்கா பிள்ளையைக் குடுக்கிறது?" என்று கேட்டார்.

"புவான், எல்லாக் குடும்பமும் பொய் சொல்லுது. இவங்க ஒருத்தங்கதான் அறுபது பேருக்கு முன்னால எடுத்துப் போட்டாங்க. மத்தவங்க பொய் இன்னும் நம்ம கைக்குச் சிக்கலை" என்றேன்.

போஸ் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். நான் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், தத்து என்பதைப் பிள்ளையிடம் ஒருபோதும் மறைக்கமாட்டோம் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார்.

4. லொங்காங்கில் ஒரு செருப்பு

பிள்ளை வந்தது. மலர் என்று பெயர் வைத்தார்கள். முதல் மூன்று மாதம் வீடு போர்க்களம். ஒவ்வொரு தடவை போகும்போதும் அந்த வீடு முன்னைவிட அழுக்காக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது. மலருக்கு மஞ்சள் குஷன்மேல் ஏறி உட்கார்ந்துதான் சோறு இறங்கும்.

கோர்ட்டுக்கு முந்தைய கடைசி விசிட். கதவைத் திறந்தது மாமியார்! எப்போது திரும்பி வந்தார், எப்படி வந்தார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் "ம்", "இருக்கா", "சாப்பிடுறா" என்பதோடு சரி. இந்த அம்மா கோர்ட்டில் ஏதாவது கெடுத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே ஃபைலை மூடினேன்.

கிளம்பி வாசலுக்கு வந்தால் ஒரு செருப்பைக் காணோம். மலர் அதை வாசல் சாக்கடையான லொங்காங்கில் வீசிவிட்டு, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தது. மாமியார்தான் முணுமுணுத்துக்கொண்டே துடைப்பக் கட்டையால் சாக்கடையிலிருந்து எடுத்து, குழாயில் கழுவி, என் காலடியில் போட்டார். நான் குனிந்து மாட்ட ஆரம்பித்தேன். ஈரச் செருப்பு, லேசில் ஏறவில்லை.

"மேடம், ஒண்ணே ஒண்ணு" என்று குரலைத் தாழ்த்தினார்.

வந்ததே! இந்த வார்த்தையை எத்தனை கேட்டில் கேட்டிருக்கிறேன். என்ன கேட்கப் போகிறாரோ, நிறமா, சாதியா, ரத்தமா? சுடச்சுடக் கொடுக்க ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"பெத்தவள்னு சொல்லிக்கிட்டு யாராச்சும் பின்னாடி வந்து நின்னா, குடுத்துடணுமா?"

கேட்டுக்கொண்டே மலரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.  "கோர்ட்டு உத்தரவு வந்துட்டா யாரும் கேக்க முடியாதும்மா" என்றேன்.

"உங்க கோர்ட்டை எல்லாம் நான் நம்பமாட்டேன்." அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இன்னும் கிட்ட வந்தார். "எங்ககிட்ட வளைகாப்பு போட்டோ இருக்கு. மருமக வயித்தோட உட்கார்ந்திருக்கா. எவ வந்தாலும் காட்டுவேன். நான்தான் நாலு மணிக்கு எழுந்து ஆறு வகைச் சாதம் கிண்டினேன்னு சத்தியம் பண்ணுவேன்."

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். விதி, சட்டம் எல்லாம் ஆபீசில் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது ஒன்றுதான். வெளியே வந்ததும் செருப்பை மெதுவாக மாட்டுங்கள்.