கிளினிக் நாளின் கை

“மூட்டு வீக்கம் காணப்படவில்லை. வலி மாத்திரை. மூன்று மாதம் கழித்து வரவும்.” என் மனைவியின் கிளினிக் கொப்பியில் முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் குறிப்பு இது. கீழே உள்ள முத்திரையில் மார்ச் என்ற மாதம் தெரிகிறது. வருடத்தின் கடைசி இலக்கத்தில் மை பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. கண்டிக்குப் பக்கத்தில் என்பது போதும்.

அந்த வரியை நான் அன்றே நம்பவில்லை. பன்விலவில் எங்கள் வீட்டில், விடியற்காலையில் அவளுடைய விரல் கணுக்கள் வீங்கிப் பளபளத்ததைப் பார்த்திருந்தேன். அவள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு ஆசிரியை. முதல் பாடத்தில் சோக்கைப் பிடிக்க முடியாமல், பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தலைமையாசிரியர் என்னிடமே சொல்லியிருந்தார். சிலவகை மூட்டுவாதத்தில் மருந்து தாமதித்தால் கோணிய விரல் பிறகு நிமிராது என்று வாசித்திருந்தேன். அவளுக்கு முப்பத்தைந்து வயதும் ஆகவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனபோது கிளினிக்கில் புது ஒழுங்கு வந்திருந்தது. ஒரு தாதி நோயாளிகள் உட்கார்ந்திருந்த வாங்குகளுக்கு நடுவே நடந்து வந்து, சிலரை மட்டும் எழுப்பி முன்னே கூட்டிக்கொண்டு போனார். நம்பர் துண்டுக்கு மதிப்பில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வரிசை மாறினால் யாரோ யாரையோ கவனித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். சிற்றூழியர் ஒருவர் ரம்புட்டான் பையொன்றை உள் அறைக்குக் கொண்டுபோனதையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

தாதி எங்களிடமும் வந்தார்.

“கைய மூடுங்க பாப்போம்.”

அவள் மூடினாள்.

“நல்லா மூடுது. இருங்க.”

எங்களுக்கு அடுத்து இருந்த அக்குறணைப் பக்கத்து அம்மா உள்ளே போய்த் திரும்பி வந்தார். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: “உள்ள போக என்ன குடுத்தீங்க?”

“நான் ஒண்டும் குடுக்கல்ல தம்பி. கை மடங்கல்ல, கூட்டிட்டுப் போன.” அவர் என் மனைவியை மேலும் கீழும் பார்த்தார். பட்டுச் சேலை, தலையில் பூ, கை நிறைய வளையல். “மகள், நீங்க கலியாண ஊட்டுக்கு வந்த மாதிரி ஈக்கிய. வரக்குள்ள மாத்திரை போட்டதா?”

“போடாம எப்பிடிங்க பஸ் ஏறுறது? வெந்நீர்ல கை முக்கி, எண்ணெய் போட்டு, மாத்திரையும் போட்டுத்தான் வந்தேன்.”

“அப்ப டொக்டர் எதப் பாக்கிற? எனக்கு இண்டைக்கி பல்லுத் தீட்டவும் ஏலா. அப்படியே வந்த.”

எங்கள் பக்கத்தில் டொக்டர் முன்னால் பரிதாபமாகப் போய் நிற்பது வெட்கம். குளித்து, நல்ல சேலை கட்டி, உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் போவோம். மார்ச்சிலும் அவள் அப்படித்தான் போயிருந்தாள். பகல் தாண்டி எங்கள் முறை வந்தபோது கொப்பியில் பழைய வரியே மீண்டும் விழுந்தது.

திகதிக்குக் காத்திராமல் அடுத்த வாரக் கிளினிக்குக்கே போவோம், மாத்திரையும் வெந்நீரும் வேண்டாம் என்றேன். அவள் சம்மதிக்கவில்லை.

“பஸ்ஸுல கம்பியப் பிடிக்க முடியாம விழுந்தா நீங்களா தூக்குவீங்க?”

“தூக்குறேன்.”

“அப்பறம் ஒங்க முதுகுக்கும் ஒரு கொப்பி போடணும்.”

ஆனாலும் வந்தாள். அன்று அவளுடைய ரவிக்கைக் கொக்கிகளை நான்தான் மாட்டினேன். கொண்டையும் நான் போட்டதுதான். பஸ்ஸில் வத்தேகம வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து முறைத்துக்கொண்டே வந்தாள். வளையல் கணுவைத் தாண்டவில்லை, விட்டுவிட்டோம்.

தாதி கையை மூடச் சொன்னார். விரல்கள் பாதியில் நின்றுவிட்டன. அவர் திகதியைக்கூடப் பார்க்காமல் எழுப்பிக் கூட்டிப்போனார். உள்ளே வேறொரு டொக்டர், ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தார். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் மூட்டுவாதத்துக்கான வாராந்த மாத்திரையைத் தொடங்கினார். இனிமேல் கிளினிக் நாளில் வலி மாத்திரை போடாமல் வரச் சொன்னார். இதை முதல் நாளே ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

வீக்கம் மெதுவாக வடிந்தது. ஓய்வு பெறும்வரை அவள் சோக்குப் பிடித்தாள். வலக்கையில் சிறுவிரலும் மோதிரவிரலும் மட்டும் நிமிரவில்லை.

மாத்திரையும் வெந்நீரும் அந்த வீக்கத்தை முழுவதும் மறைத்திருக்கும் என்று என்னால் ஏற்க முடியவில்லை. தொட்டுப் பார்த்திருந்தால் மார்ச்சிலேயே தெரிந்திருக்கும், அந்த இரண்டு விரல்களும் தப்பியிருக்கும் என்பது என் சந்தேகம். முதல் டொக்டர் தொட்டுப் பார்த்தார் என்று அவள் சொல்கிறாள். அவர் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை என்பது என் ஞாபகம். அறையில் வேறு யாரும் இருக்கவில்லை. அவர் அவளுடைய கையைத் தொட்டாரா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.