உச்சி மாமாவுக்கு, பள்ளம் அத்தைக்கு

என் மாமா பிளம்பர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையின் வாட்டத்தைத்தான் பார்ப்பார். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தவர் முகத்தை அப்புறம்தான் பார்ப்பார். அந்தப் பித்து முற்றி, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஏழு மாநிலங்களிலும் மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் மிதித்தே தீருவது என்று கிளம்பிவிட்டார்.

அத்தைக்கோ ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும். அதனால் பங்கு பிரித்துக்கொண்டார்கள். உச்சி மாமாவுக்கு, பள்ளம் அத்தைக்கு. ஒரே நாளில் அவரவர் இடத்தில் நின்று போனில் பேசினால்தான் அந்த மாநிலம் கணக்கில் சேரும். மாமா மேகத்துக்குள் நின்று படம் பிடித்துக்கொள்வார். அத்தைக்கு வாய்த்ததெல்லாம் ஆற்றுச் சகதி, கைவிட்ட சுரங்கக் குழி, ஒருமுறை ஊர்ச் சாக்கடை கடலில் கலக்கும் இடம்.

"ஏதாவது தொலைச்சுட்டீங்களாம்மா?" என்று யாராவது கேட்டால், "ஆமா, புருஷனை" என்பாள்.

ஆறு மாநிலம் முடிந்தது. ஏழாவதற்குக் கிளம்பும் நேரத்தில் மாமாவின் நெஞ்சு மக்கர் செய்தது. மாடிப்படியே கூடாது என்றார் டாக்டர். மாமா மலையேறும் ஷூவைத் துடைத்துப் பரணில் போட்டார். தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்க ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு மலை போனால் குடியா முழுகிவிடும்? ஆனால் அத்தை அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவை நீங்க பள்ளத்துல போய் நில்லுங்க. நான் ஏறுறேன்."

"ஸ்டூல்ல ஏறாதவ மலை ஏறுறாளாம்!" மாமா பல நாளைக்குப் பிறகு சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

துணைக்கு நான் போனேன். என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல், தெரிந்த தெய்வங்களையெல்லாம் திட்டியபடி ஏறினாள். பெயர்ப்பலகை நட்டிருந்த பாறைக்கு வந்ததும் நான் அப்பாடா என்று உட்கார்ந்தேன். அத்தை பக்கத்துப் பாறையை முறைத்தாள்.

"அது இதைவிட ஒசரமா தெரியுதுடி."

"பலகை இங்கதான அத்தை இருக்கு!"

"நட்டவன் வசதியான இடமா பாத்து நட்டிருப்பான்."

பையிலிருந்து மாமாவின் மட்டம் பார்க்கும் டியூபை எடுத்தாள். தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம். நான் நின்ற பாறையின் தலைக்கு நேராகத் தண்ணீர் நின்றது. அத்தையின் முனையில், அந்தத் தண்ணீர் மட்டத்துக்கு மேலும் ஒரு சாண் நீண்டிருந்தது பக்கத்துப் பாறை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பிகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தை உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அதன் மேல் ஏறி, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, உச்சிக்கு வந்துட்டேன்."

மாமா ஆற்றங்கரையில் நின்றிருந்தார். "ஏன் இவ்வளவு நேரம்? அங்க காத்து அடிக்குதா? எதையாவது பிடிச்சிருக்கியா, இல்லையா? போதும்மா, எறங்கிடு. என்னால இங்க நிக்க முடியல."

அத்தை இறங்கவில்லை. காலை மடக்கி நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

"ஆறு மலைக்கும் நான் கீழ இப்படித்தாங்க நின்னேன்" என்றாள்.