பேபியின் டென்மார்க் பூச்சாடி

டென்மார்க்கில் அகதியாக இருந்த காலத்தில் பேபி ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை செய்தார். சம்பளம் அப்படியே கணவர் தியாகலிங்கத்தின் கைக்குப் போய்விடும். ஒரேயொரு தடவை, பழைய சாமான் சந்தையில் ஒரு பூச்சாடியைக் கண்டு மனம் பறிகொடுத்து வாங்கிவிட்டார். சாண் உயரம் இருக்கும். மண்ணிறமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து, முயல் ரோமம் போல மெல்லிய கோடுகளாய் இறங்கிய மினுக்குப் பூச்சு. விற்ற பெண், அது ஐம்பதுகளில் செய்தது என்று மட்டும் சொன்னாள்.

"உந்த மண்சட்டிக்கோ காசைக் கரைச்சனீர்?" தியாகலிங்கம் ஏசிய ஏச்சு பக்கத்து வீடுவரை கேட்டது. பேபி அடுத்த நாள் அதில் பூ வைத்தார்.

கனடாவுக்கு வெளிக்கிட்டபோது தியாகலிங்கம் சாடியைப் பெட்டியிலிருந்து தூக்கி வெளியே வைத்தார். பேபி அதைக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் வந்தார். அங்கே, வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில் இருந்த வீட்டின் குசினி யன்னலில் வருடக்கணக்காக அது நின்றது. கோடையில் வீட்டு வளவுப் பூ, பனிக்காலத்தில் கடைப் பூ.

போன வருடம் மருமகள் அட்சயா சாடியைக் கவிழ்த்து, அடியிலிருந்த கையெழுத்தைப் படமெடுத்து இணையத்தில் தேடினாள்.

"மாமி, இப்பிடிச் சாடி சேர்க்கிற ஆக்கள் இதைத் தேடித் திரியினம், நல்ல விலை போகுமாம்! பெரிய ஆர்ட்டிஸ்ட் ஒராள் செய்தது."

அன்று பின்னேரமே தியாகலிங்கம் பூக்களைப் பிடுங்கி எறிந்து, சாடியைத் துடைத்து, வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வந்து போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "டென்மார்க்கிலை நான் பார்த்து எடுத்தது."

முந்திய ஏச்சைத் தாங்கிய பேபியால் இதைத் தாங்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு, பிக்கரிங்கிலிருந்து குடும்ப நண்பர் கிளிபோட்டும் மனைவியும் செவ்வந்திப் பூக்களோடு சாப்பிட வந்தார்கள். தியாகலிங்கம் சாடியை வெளியே எடுத்து, "நான் பார்த்து..." என்று தொடங்கவும், பேபி வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"கிளிபோட் அண்ணை, உது நான் வாங்கினது. என்ரை உழைப்பிலை. இவர் மண்சட்டியெண்டு ஏசினவர்."

தியாகலிங்கத்தின் முகம் கறுத்தது. "உள்ளை வையும். தண்ணி பட்டால் பெறுமதி போயிடும்."

"போகட்டும். பூ வைக்க வாங்கினனான், பூத்தான் வைப்பன்."

பேபி பைப்பைத் திறந்து தண்ணீர் நிரப்பினார். செவ்வந்திகளைச் செருகிச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார். கிளிபோட்டின் மனைவி சொதிக் கோப்பையை நகர்த்தி இடம் விட்டார்.

அதன் பிறகு தியாகலிங்கம் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். பேபி சமாதானம் பேசப் போகவில்லை. மகனைக் கூப்பிட்டு, கண்ணாடி அலுமாரியை அவனுடைய வான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார் தியாகலிங்கம், வெறும் சுவரைப் பார்த்து.

"நீங்கள் பூட்டேக்கை என்னைக் கேட்டனீங்களோ?" என்றபடி சப்பாத்தைக் காலில் கொழுவிக்கொண்டு, பேபி பூ வாங்கப் போனார்.