முதுகுக்குப் பின்னாடி நிக்கிற சனம்

கலையரசி ஒரு எடத்துல குந்திப் பார்த்தவன் கள்ளக்குறிச்சியில ஒருத்தன் கெடையாது. பதினாறு வருசமா ஊர்ல இருக்கிற கல்யாண மண்டபத்துல நான் மைக் செட்டு கட்டுறேன். கலையரசியும் பதினாறு வருசமா அங்க பந்தி பரிமாற ஆள் கூட்டியாருது. கச்சிராயபாளையம் பக்கத்துப் பொம்பளைங்க பதினோரு பேரு. அது ஒரு வாளியைக் கீழ வெக்கும்போதே இன்னொரு வாளியைத் தேடும். சோறு துன்னும்போது கூட ஒரு கால் வாசப்பக்கம் திரும்பித்தான் இருக்கும். "செத்த நேரம் சும்மா இரும்மா, பாக்கிற எனக்கே தல சுத்துது"ன்னு எத்தினியோ வாட்டி எரிஞ்சி வுழுந்திருக்கேன். "சும்மா இருந்தா கெட்ட நெனப்பா வருதுண்ணா"ன்னு சொல்லிக்கினே போய்டும்.

அது இன்னா நெனப்புன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா பெரிய கல்யாணமெல்லாம் விழுப்புரம், சேலம்னு போவுது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சி, ஆபீஸ் வந்திச்சி, கோர்ட்டு வந்திச்சி, வர்ற சனம் ஜாஸ்தியாயிடிச்சி. மண்டபம் மட்டும் அதே மண்டபம். வைகாசியில இருவது நாள் வேலை இருந்த எடத்துல இந்த வருசம் எட்டு நாள். கலையரசியோட தங்கச்சி சந்தியாவும் அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தி. அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டா: "தையிலயும் இப்பிடியே இருந்தா நாங்க கூர்க்குக்கு காப்பி பறிக்கப் போய்டுவோம்க்கா. ஆள் புடிக்கிற மேஸ்திரி வேன் அனுப்புறேன்னு சொல்றாரு." ஒருவாட்டி கலைஞ்சி போனா மறுபடி சேர்க்கிறது ஆவாத காரியம். கலையரசிக்கு வூட்டுக்காரன் இல்ல, புள்ள இல்ல. அந்தப் பதினோரு பேர வுட்டா அதுக்கு யாரும் இல்ல.

ஐப்பசியில மண்டபத்துச் சொந்தக்காரங்களான வியாபாரிங்க சங்கம் கூட்டம் போட்டாங்க. மண்டபத்தைப் பெருசாக்கலாமா வேணாமான்னு அன்னிக்கு முடிவு. நான் மைக் கட்டப் போனேன், கலையரசி டீ குடுக்க வந்திச்சி. பகலவன்னு ஒரு இன்ஜினியர் செவுத்துல படம் போட்டுக் காட்டினாரு. ஏசி ஹாலு, ஆயிரம் சேரு. இங்க ஒரு கல்யாணம் நடந்தா சங்கராபுரத்துல வாழை போட்டவனுக்கு இலை போவும், தியாகதுருகத்துப் பூக்காரிக்கு மாலை போவும், ஷேர் ஆட்டோ ஓடும், லாட்ஜ் ரொம்பும், கம்பெனிக்காரன் கூட மீட்டிங் போட வருவான்னு நல்லாத்தான் பேசினாரு. எனக்கே ஆசை வந்திடிச்சி.

சங்கத் தலைவர் மளிகைக்கடை ராமசாமி எழுந்தாரு. "இருக்கிற ஐநூறு சேர்லயே பாதி காலியா கெடக்குது. தாலி கட்டும்போது எண்ணிப் பாத்திருக்கீங்களா? ஆயிரம் சேரு போட்டு இன்னா பண்றது, பூனை வந்து குந்தவா?" எல்லாரும் சிரிச்சாங்க. இன்ஜினியர் காயிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

கலையரசி டீ தட்டோட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகினே இருந்திச்சி. கிளாசு ஒன்னோட ஒன்னு இடிக்குது. வாயைத் தொறக்காதம்மான்னு நான் கண்ணைக் காட்டுறேன். எங்க கேட்டிச்சி? சூடு டீத் தட்டை என் ஆம்ப்ளிஃபயர் மேல வெச்சிட்டு பேச ஆரம்பிச்சிடிச்சி.

"சேரை எண்ணாதீங்க ஐயா. நம்ம ஊர்ல யாரு சேர்ல குந்துறாங்க? வந்ததும் நேரா சாப்பாட்டு ஹாலுக்குப் போய், துன்றவன் முதுகுக்குப் பின்னாடி எடம் புடிச்சி நிக்கிறாங்க. அவன் மோருக்குக் கை நீட்டும்போதே இவன் அந்த சேரை இழுக்கிறான். ஒரு பந்திக்கு நூத்தியிருவது இலை போடுறேன், பின்னாடி முந்நூறு பேரு நிக்கிறாங்க. கல்வராயன் மலையிலேந்து வர்றவங்களுக்கு பஸ்சு கம்மி. நின்னு நின்னு பாத்துட்டு சாப்பிடாமயே கெளம்பிடுறாங்க. கல்யாண வூட்டுக்காரனுக்கு அது ஆயுசுக்கும் பேச்சு. அதுக்குப் பயந்துதாங்க விழுப்புரம் போறாங்க. மேடைப் பக்கம் கை வெக்காதீங்க, சாப்பாட்டு ஹாலைப் பெருசாக்குங்க."

ராமசாமி பொண்ணு கல்யாணத்துலயே சம்பந்தியோட தம்பி சாப்பிடாம போனது ஊருக்கே தெரியும். அவரு தொண்டையைச் செருமிக்கினாரு. அரை மணி நேரத்துல கைதூக்கி முடிவாயிடிச்சி: சாப்பாட்டு ஹாலு ஐநூறு இலைக்கு. பகலவன் வந்து கலையரசியைக் கும்பிட்டாரு. "ஐநூறு இலைன்னா இன்னும் இருவது பொம்பளைங்க வேணும்ண்ணா"ன்னு கலையரசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டமும் நடையுமா அதையே சொல்லிக்கினு வந்திச்சி.

அடுத்த வாரம் மண்டபத்து கேட்டுல நோட்டீஸ் ஒட்டினாங்க. கட்டட வேலைக்காக மார்கழி ஒன்னாந்தேதியிலேந்து பதினாலு மாசம் மண்டபம் மூடல்.

கலையரசிக்கு இது தோணவே இல்ல. அதுக்குத் தெரிஞ்ச கட்டட வேலை அதோட வூடுதான். ஒரு பக்கம் பிரிச்சிக் கட்டும்போது மறுபக்கம் அடுப்பு எரிஞ்சிகினு இருக்கும். மண்டபமும் அப்பிடித்தான்னு நெனச்சிகிச்சி. என்னைச் செருப்பால அடிக்கணும், எனக்காவது தோணியிருக்க வேணாமா? நானும் அந்த மாதிரி வூட்லதான் குடியிருக்கேன்.

அப்புறம் அது ஓடாத எடம் இல்ல. ராமசாமி கடைக்கு ஓடிச்சி, பகலவன் ஆபீசுக்கு ஓடிச்சி. சித்தாள் வேலையாவது குடுங்கன்னு கான்ட்ராக்டர் கால்ல வுழாத கொறை. அவரு வெளியூர் ஆள் வெச்சிருக்காரு, மூணு பேருக்குத்தான் வேலைன்னுட்டாரு. பத்தாவது படிக்கிற புள்ளைங்க இருக்கிற மூணு பேரை கலையரசி அதுக்கு அனுப்பிடிச்சி.

மீதி எட்டு பேருக்கு மார்கழி மூணாந்தேதி காலையில பஸ் ஸ்டாண்டுல கூர்க் வேன் வந்து நின்னிச்சி. வழியனுப்ப நானும் போயிருந்தேன். கலையரசி பன்னு வாங்கிக் குடுக்குது, மூட்டையைத் தூக்கி வெக்குது, எறக்குது, மறுபடி வெக்குது. சந்தியா கடைசியா ஏறினா. கோவமா கூடச் சொல்லல. "நீ அன்னிக்கு டீயை மட்டும் குடுத்துட்டு வந்திருந்தா தையில எட்டு நாளாவது ஒன்னா இருந்திருப்போம்க்கா."

கலையரசி என் பக்கம் திரும்பிச்சி. "அவ சொல்றது சரிதானேண்ணா?"

இல்லம்மான்னு சொல்லியிருக்கலாம். அது பொய். நான் கீழ கெடந்த மூட்டையைத் தூக்கி வேன்ல வெச்சேன்.

"இதுங்களைத் தனியா அனுப்பிட்டா ஆளுக்கொரு தெசையா போய்டும். நான் கூட இருந்தா திரும்பக் கூட்டியாருவேன். மண்டபம் தொறக்கிற தேதி தெரிஞ்சா போன் பண்ணுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு கலையரசி கட்டுன பொடவையோட வேன்ல ஏறிடிச்சி. வேன் போனப்புறம் பஸ் ஸ்டாண்டுன்னும் பாக்காம நான் அழுதுட்டேன். சாப்பாட்டு ஹாலைப் பெருசாக்கச் சொன்னதே அதுதான். அஸ்திவாரம் தோண்டுன அன்னிக்கு அது ஊர்ல இல்ல.