சிங்கப்பூருக்கு ஒரு மத்தியானம்

போன வாரம் ஒரு தந்தி வந்தது. எனக்கு இல்லை. பக்கத்துக் கடை காதர் நானாவுக்கு.

கப்பித்தான் பள்ளிவாசல் பக்கம் அவருக்கு மசாலாக் கடை. அதை ஒட்டி என் துணிக்கடை. காலையில் கடை திறக்கிற நேரம். தந்தியைப் படித்தவர் அப்படியே மிளகு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

சிங்கப்பூரில் தம்பி வீட்டில் இருந்த உம்மா, அவரைப் பெற்றவள், விடியற்காலை சுபுஹு நேரத்தில் மௌத்து. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம்.

அவர்கள் வழக்கம் தெரியும்தானே? மையத்தை, இறந்த உடலை, நெடுநேரம் வைத்திருக்க மாட்டார்கள். மூத்த மகன் வரவேண்டும் என்றாலும் சரி...

ரயில் ஏறினால் ஒரு பகல், ஒரு இராத்திரி. போய் யார் முகத்தைப் பார்ப்பது?

"ஏரோப்பிளேன் போகுதுல்ல நானா?" என்றேன்.

"அது துரைமார் ஏறுறதுலா."

"துரையும் டிக்கெட் வாங்கித்தான் ஏறுறான். எந்திரிங்க."

இடம் கிடைத்தது. தம்பிக்குத் தந்தி கொடுத்தோம் — 'வருகிறேன்.' ஒரே சொல். தந்தியில் சொல்லைச் சிக்கனம் பிடிப்பது நம் ஆட்கள் பழக்கம். தப்பு அங்கேதான்.

மோட்டார் பிடித்து பாயான் லெப்பாஸ் ஏரோப்பிளேன் மைதானத்துக்குப் போனோம். பிளேன் சின்னதாக இருந்தது. இரைந்தது, ஓடியது, எழும்பியது. தென்னைகளுக்கு மேலே போய்ப் புள்ளியாகும் வரை பார்த்தேன். மனுஷன் கையால் செய்த சாமான்தானே அது!

சிங்கப்பூர் நானூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் கோலாலம்பூரில் இறங்கி ஏறியும் நாலு மணி நேரம் ஆகவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசருகிற நேரம். அவ்வளவுதான் தூரம்!

நானா போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்களாம். 'வருகிறேன்' என்றால் நாளை ரயிலில்தானே வருவான்? இன்று எதற்குக் காத்திருப்பது? தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நானா அடக்கம் செய்கிற மையவாடிக்கு ஓடினார். மையத்தைச் சுமந்து வந்த சந்தூக்கை அப்போதுதான் இறக்கி வைத்திருந்தார்கள். முதலில் பார்த்தவர் தாய்மாமா.

"டேய் காதரு! உன் உம்மா நேத்து ராத்திரி நல்லாத்தானேடா சோறு தின்னுச்சு... நீ எப்படி நேத்தே ரயில் ஏறுன?"

"ரயில் இல்ல மாமு. பறந்து வந்தேன்."

"பாவம், துக்கத்துல பெனாத்துறான். தண்ணி குடுங்க."

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார். பிறகு முகத்துத் துணியை விலக்கிக் காட்டினார்கள். பார்த்தார். குழிக்குள் இறங்கி, உம்மாவைத் தன் கையாலேயே வாங்கி வைத்தார்.

பிளேன் செய்தவன் எந்த ஊர்க்காரனோ! நல்லா இருக்கட்டும்.

நேற்று நானா திரும்பினார். ரயிலில்.

"என்ன நானா, பிளேன் பயமா?"

"பயமெல்லாம் இல்ல. அருமையான சாமான் தம்பி..." என்றார். "அதுல அழுறதுக்குத்தான் நேரம் பத்தல."