மாடிப் பலகையில் ஒரு கோலம்

பலகை சத்தம் போட்டதையெல்லாம் எழுதுவதா என்று பல வருடம் தயங்கினேன். இன்று எழுதிவிட்டேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பழைய வீட்டு மாடிக்கு மரப்பலகைத் தளம். யார் நடந்தாலும் கிறீச்சிடும். என் வீட்டுக்காரர் இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் கீழே படுப்பார். மேலே வாடகைக்குக் குடியிருந்த மல்லிகாவுக்கு ஓடியாடும் பெண் குழந்தை. தூக்கம் கெட்ட மனுஷன் ஒருநாள் முக்கொம்பு பக்கம் ஓட்டும்போதே கண்ணயர்ந்துவிட்டார். ரங்கநாதர்தான் பஸ்ஸோடு எல்லோரையும் காப்பாற்றினார்.

ஆசாரி வந்து ஸ்குரு முடுக்கினார், பலகைகள் உரசாமலிருக்கச் சந்தில் பவுடர் தூவினார். ஒரு பலகை அடங்கினால் பக்கத்துப் பலகை கத்தியது.

"மொத்தமா பிரிச்சாத்தாம்மா சரியாகும்" என்று கையை விரித்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மல்லிகாவைக் காலி செய்யச் சொல்லிவிடுவது என்று மாடியேறினேன்.

கத்துகிற பலகைகளில் எல்லாம் அவள் மாக்கோலம் போட்டிருந்தாள். குழந்தை ஓரமாகச் சுற்றிப் போனது.

"கோலத்த மட்டும் மிதிக்க மாட்டாக்கா இவ. அண்ணன் நல்லா தூங்கட்டும். எந்தப் பலகை கத்துதுன்னு தேடுறதுக்குள்ள எனக்குத்தான் இடுப்பு போயிடுச்சு. உக்காருங்க, காபி போடறேன்."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன். நான் மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் என் வீட்டுக்காரரின் தூக்கத்தை நினைத்திருக்கிறாள். பெருமாளிடம் நான் கேட்டதும் அதைத்தானே.

வேறு யாருக்காவது இதைச் சொன்னால், அதிசயம் எதுவும் சேர்க்காமல் நடந்தபடியே சொல்லுங்கள்.